நாம் சேர்ந்த வாசகர் வட்டம்

புத்தகம் படிப்பதற்கு ஒரு கூட்டம் எதற்கு என்று கேட்பவர்களுள் நாமும் ஒருவராகவே நெடுங்காலம் இருந்தோம். உறங்குவது போலப் படிப்பதும் அவரவர் தனித்துச் செய்யவேண்டிய காரியம் என்பது எமது எண்ணம். சாய்மனைக் கதிரை ஒன்று, மூக்குக் கண்ணாடி ஒன்று, பிற்பகலில் வீசும் சோழகக் காற்று. இவை வாய்த்தால் வேறொருவர் துணை வேண்டியதில்லை என்று நம்பியிருந்தோம்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தவர் யாழ்ப்பாணத்தில் எமது ஊர்ப் பாடசாலையிலே படிப்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை. ஒருநாள் மாலை அவர் படலையைத் திறந்துகொண்டு வந்து, மாதம் ஒரு நூலைப் படித்துப் பேசுவதற்குச் சிலர் கூடுவதாகவும், நாமும் சேரவேண்டுமென்றும் கேட்டார்.

"என்ன நூல்கள் பிள்ளை?" என்றோம்.

"அதிலைதான் ஐயா ஒரு நிபந்தனை இருக்கு. எங்களைப் போல இல்லாத ஆக்கள் எழுதினதைத்தான் படிக்கிறது. எங்களைப் போல எண்டால் ஆரைப் போல எண்டு கேட்கப்படாது. அது மாதத்துக்கு மாதம் மாறும்" என்று சிரித்தார்.

மேல்நாடுகளில் அலுவலகங்கள்தோறும் பல்கலைக்கழகங்கள்தோறும் இத்தகைய வட்டங்கள் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம். அவற்றின் நோக்கத்தைக் கூறும் மூன்று ஆங்கிலச் சொற்களை எமது வட்டத்தார் பன்மைத்துவம், ஒப்புரவு, உள்வாங்கல் என்று தமிழாக்கியிருந்தனர். பன்மைத்துவம் விளங்கிற்று. ஒப்புரவு பழஞ்சொல், திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே ஒப்புரவறிதல். மூன்றாவது சொல் மாத்திரம் எமது தொண்டையில் சிக்கிக்கொண்டது. உள்வாங்குபவர் ஒருவர், வாங்கப்படுபவர் மற்றொருவர் என்றால், படலையின் திறப்பு எப்போதும் முன்னவர் மடியிலேயே இருக்குமன்றோ? இதனை முதற் கூட்டத்திலேயே எழுப்பினோம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், "அதைப் பற்றித்தான் ஐயா ஒவ்வொரு மாதமும் சண்டை பிடிக்கிறோம்" என்றார். சமத்துவம் வேறு, ஒப்புரவு வேறு என்று எமக்கு விளக்கியவரும் அவரே. எல்லோருக்கும் ஒரே அளவில் மூன்று பாகக் கயிறு கொடுப்பது சமத்துவமாம்; கிணற்றின் ஆழம் பார்த்துக் கொடுப்பது ஒப்புரவாம். மூன்று பாகக் கயிற்றோடு ஆழக் கிணற்றருகே நிற்பவன் வெறும் வாளியோடுதான் வீடு திரும்புவான் என்றார். கயிற்றைப் பற்றி அவர் சொன்னார். கிணறு யாருடையது என்பதைப் பற்றி அன்று ஒருவரும் பேசவில்லை.

வட்டத்தில் பதினொருவர் இருந்தோம். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை, முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுவது வழக்கம். போரிலே கண்ணொளியை இழந்த இளைஞர் ஒருவர் எம்மோடு இருந்தமையால், நூலின் ஓர் அதிகாரத்தையேனும் உரத்து வாசித்தபின்னரே பேச்சுத் தொடங்கும். அவருக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆயினும் நூலைப் படியாது வந்த ஏனையோர்க்கும் (அவருள் எம்மையும் சேர்த்துக்கொள்க) அது பேருதவியாயிற்று.

முதலில் படித்தது ஸி. வி. வேலுப்பிள்ளை எழுதிய 'வீடற்றவன்'. அவர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரண்டு அரசாங்கங்கள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டன. எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தன. இவற்றையெல்லாம் பேசும்போது எமக்குக் கண்கள் கலங்கின. வெகு உருக்கமாக உரையாற்றினோம் என்றுகூடச் சொல்லலாம். மலையகத்திலே பிறந்து இங்கு வங்கியில் எழுதுவினைஞராகப் பணிபுரியும் பெண்மணி ஒருவர் இறுதிவரை கேட்டிருந்துவிட்டு, "எங்க பெரியம்மாவ ஒம்பது வயசுல யாழ்ப்பாணத்து வீடொண்ணுலதான் வேலைக்கு விட்டாங்க" என்று மாத்திரம் சொன்னார். உருக்கம் எங்கோ போயிற்று.

இன்னொரு மாதம் சோனகத் தெரு முதியவர் ஒருவரின் முறை. நூலுக்குப் பதிலாகத் தமது கதையையே சொன்னார். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள், இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை வெளியேற்றிய அந்தப் பகலையும், புத்தளத்து ஓலைக் கொட்டில்களிற் கழிந்த ஆண்டுகளையும் பற்றிச் சொன்னார். அன்று ஒருவரும் உரையாற்றவில்லை.

இவ்வாறு நான்கு மாதம் சென்றபின் கே. டானியல் எழுதிய 'பஞ்சமர்' நாவல் வந்தது. 1972இல் வெளியான நூல். எமது ஊரிலிருந்து கல்லெறி தூரத்துக் கதை. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றமென்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறியிருந்தும், தேநீர்க் கடை வாங்கிலில் அமர்வதற்கும் கோயில் வாசலைத் தாண்டுவதற்கும் மனிதர் அடிபட்ட காலத்தின் கதை. 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் சென்றதையும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நிகழ்ந்தவற்றையும் சிறுவராக இருந்த நாம் வீட்டுத் திண்ணைப் பேச்சிற் கேட்டிருக்கிறோம். எவர் பக்கத்து நியாயமாகக் கேட்டோம் என்பதை இங்கு எழுதவேண்டியதில்லை.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுக்காக எமது தலைமுறை இன்றுவரை புலம்புகிறது; புலம்பத்தான் வேண்டும். ஆனால், எரியாதிருந்த இந்த ஒரு நூலை ஐம்பது ஆண்டுகளாக நாம் கையாலும் தொடவில்லை. எவரும் எம்மைத் தடுக்கவுமில்லை.

அந்தக் கூட்டத்திலே நிகழ்ந்தது வேடிக்கை. ஒருவர், "கலையழகு போதாது" என்றார். மற்றொருவர், "பிரசார நெடி" என்றார். நாம் எமது பங்குக்கு உரையாடல்களிலுள்ள கொச்சைத் தமிழைக் குறித்து ஐந்து நிமிடம் பேசினோம். 1960களின் தொடக்கத்தில், முற்போக்கு எழுத்தாளரின் பேச்சுநடையை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் ஒதுக்க, அதனால் மூண்ட மரபுப் போராட்டத்தை நாம் இலக்கிய வரலாற்றிற் படித்தவர்கள். அதிலே எழுத்தாளர் பக்கம் நிற்பவர்களாகவே எம்மை எண்ணியிருந்தவர்கள். அன்றோ எமது வாய்க்குள்ளிருந்து அந்தப் பண்டிதர்களே பேசிக்கொண்டிருந்தனர்.

வங்கிப் பெண்மணி மெல்லக் கேட்டார்: "ஐயா, 'வீடற்றவன்' படிச்சப்போ நீங்க மொழியப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

உண்மை. அந்நூலில் நாம் குற்றம் தேடவில்லை. தேடவேண்டிய தேவை இருக்கவில்லை.

அன்றிரவு நூலை மீண்டும் எடுத்தோம். டானியல் எழுதிய மற்றொரு நாவலின் பெயர் 'தண்ணீர்'. டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்'. இரண்டு எழுத்தாளரும் தலைப்பிலேயே தண்ணீரை வைத்தது தற்செயலன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்வது எமது ஊர்ப் பெருமை. வடகீழ்ப் பருவ மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தேங்குவதைத்தான் துலாவும் பட்டையும் கொண்டு இறைத்து வாழ்ந்தோம். ஆற்றங்கரை நாட்டில் ஒருவன் ஒரு துறையில் மறுக்கப்பட்டால் மறு துறைக்குப் போகலாம். இங்கே கிணறு மறுக்கப்பட்டவர் குடத்தோடு வேலிக்கரையில் நிற்க வேண்டும். உரியவர் வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். எமது வளவிலே அப்படி நின்ற பெண்களை நாம் கண்டிருக்கிறோம். கண்டோம் என்பதும் சரியன்று; வேலியைக் காண்பதுபோலக் கண்டோம்.

எமது பனைகளில் ஏறிய முதியவர் ஒருவரும் நினைவுக்கு வந்தார். அவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும், எமக்கு எட்டு. அவரை நாம் 'வா' என்போம், 'போ' என்போம். அவர் எம்மைச் 'சின்ன நயினார்' என்பார். பெற்றோர் இட்ட பெயர் கந்தசாமியே ஆயினும், அத்தகையோரைக் கந்தன் என்று நறுக்கி அழைப்பது எமது வீட்டு மரபு. அடுக்களைப் பத்தியின் வளையில் அவருக்கென்று ஒரு தகரப் பேணி கொளுவியிருந்தது. எமக்கும் விருந்தினர்க்கும் பித்தளை மூக்குப்பேணி. அந்த மூக்குப்பேணியை இப்போது பண்பாட்டுச் சின்னமென்று கடைகளில் விற்கிறார்கள். தகரப் பேணியை எவரும் விற்பதில்லை.

அந்த முதியவரின் பேர்த்தி எமது வட்டத்தில் இருந்தார். மருத்துவத் தாதியாகப் பணிபுரிபவர். அவர் எவருடைய பேர்த்தி என்பதை நாம் முதல் நாளே அறிவோம்; ஊரிலே இதனைக் கேட்டறிய வேண்டியதில்லை. நாம் எவருடைய பேரன் என்பதை அவரும் அறிவார். நான்கு மாதமாக இருவரும் அறியாதவர்போல் இருந்தோம். 'பஞ்சமர்' பேசிய அன்று அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கலையும்போது மாத்திரம், "அடுத்த மாதம் எங்கட வீட்டிலை" என்றார்.

எமது படலையிலிருந்து அவ்வீட்டுக்கு நடக்க ஆறு நிமிடம். அந்த ஒழுங்கையில் நாம் அதற்குமுன் நடந்ததேயில்லை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில், வலிகாமத்தார் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்த ஒழுங்கையாரும் நாமும் ஒரே பாடசாலைக் கட்டடத்திலே படுத்தோம். ஒரே கிணற்றில் அள்ளினோம். ஒரே கிடாரத்துக் கஞ்சியைக் குடித்தோம். சாதி ஒழிந்ததென்று அங்கே சிலர் சொல்லவும் கேட்டோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது எமது கிணறு எமது கிணறாகவே இருந்தது.

புறப்படும் நாளில் எமது மனைவியார் வேட்டியை எடுத்துத் தந்தவாறே, "தேத்தண்ணி தந்தால், சீனி வருத்தமெண்டு சொல்லுங்கோ" என்றார். நீரிழிவு எமக்கு உள்ளதுதான், பொய்யில்லை. ஆயினும் இதற்கு முன் ஐந்து வீடுகளில் தேநீர் குடித்து வந்தபோது அந்நோயை ஒருவரும் எமக்கு நினைவூட்டவில்லை.

அம்மாத நூல் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்'. சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே எழுதி, அந்நூலுக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்று, 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தி, 2021இல் மறைந்தவர் அவர். விறாந்தையில் கதிரைகள் போட்டிருந்தன. வாசிப்பு முடிந்ததும் தாதியின் தந்தையார் இரண்டு தட்டங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றில் கண்ணாடிக் குவளைகளில் தேநீர். மற்றொன்றில் மூடி திறவாத சோடாப் போத்தல்கள் நான்கு.

வெளியூர் நேயர்களுக்கு இதன் பொருளைச் சொல்லவேண்டும். இத்தகைய வீடுகளுக்குப் 'பெரியவர்கள்' போக நேர்ந்தால், அங்குள்ள பாத்திரத்தில் வாய்வைக்க மாட்டார்கள். கடையிலிருந்து மூடியோடு வந்த சோடாவைக் குடிப்பார்கள். மூடி இருந்தால் தீட்டில்லை என்பது எமது முன்னோர் கண்ட நியாயம். வீட்டுக்காரரும் விருந்தினரைச் சங்கடப்படுத்தாமல் சோடாவை முன்னதாகவே வாங்கி வைப்பர். "வெயிலுக்கை வந்தனீங்கள் ஐயா, குளிராய்க் குடியுங்கோ" என்றார் அவர். நாம் சொல்லவிருந்த சாட்டை எமக்கு முன்னரே அவர் சொல்லிவிட்டார்.

எமது கை நீண்டது. எண்ணிப் பார்த்து நீட்டியதாகச் சொல்ல முடியாது; அறுபது ஆண்டுப் பழக்கம் நீட்டியது. மூடியைத் திறந்து பாதிப் போத்தலைக் குடித்தபின்னரே தலைநிமிர்ந்தோம். தாதி எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக அன்று, நோயாளியின் வெப்பமானியைப் பார்ப்பவரைப்போல. சோனகத் தெரு முதியவர், அவர்க்கும் ஒரு போத்தல் வைத்திருந்தும், "எனக்குத் தேத்தண்ணி தாங்க மகள்" என்று எட்டி எடுத்துக்கொண்டார். தபாலதிபரும் எடுத்தார். எமது கையில் அந்தப் போத்தல் இருந்தது. வைத்துவிட்டுத் தேநீரை எடுத்தால் நாடகம். எடுக்காவிட்டால் அதுவே உண்மை. குடித்து முடித்தோம். பேச்சு மீண்டும் ஜீவாவின் கதைகளுக்குச் சென்றது. அன்று நாம் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியார், "என்ன குடிச்சியள்?" என்று கேட்டார்.

"சோடா."

சற்று நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவர், "சோடாவிலை சீனி இல்லையோ?" என்றார்.

எம்மைக் கேட்டாரோ தம்மையே கேட்டாரோ அறியோம். ஆனால் அந்த வாரம் 'பஞ்சமர்' எமது மேசையிலிருந்து காணாமற் போயிற்று. இரவில் அடுக்களை விளக்கு நெடுநேரம் எரிந்தது.

அடுத்த மாதம் எமது முறை. நூல், 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த பெண் கவிஞர்களின் தொகுதியாகிய 'சொல்லாத சேதிகள்'. பெண்கள் ஆய்வு வட்டம் என்ற சிறு குழுவினர் வெளியிட்டது. எல்லோரும் வந்து அமர்ந்தபோது தாதியை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்த தந்தையார் படலைக்கு வெளியே நின்றுகொண்டார். அவரது தந்தையார் எமது வளவுக்கு வந்த நாள்களில், சிறுவனாக அவர் நின்ற இடமும் அதுவே. எழுந்து போனோம். போகும்போதே எப்படி அழைப்பது என்ற கவலை. பெயர் தெரியும், நறுக்கிய பெயர்தான் தெரியும்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோ" என்றோம்.

அவர் திகைத்துப் பின் சிரித்துவிட்டார். "நான் உங்களிலும் மூண்டு வயது இளமை, ஐயா."

"தம்பியெண்டாலும் 'வாங்கோ'தான்."

வந்தார். சோடாவைப் பற்றி அவரிடம் ஏதேனும் சொல்லவேண்டுமென்று ஒரு மாதமாக ஆயத்தஞ்செய்து வைத்திருந்த வாக்கியம், கதிரையை இழுத்துப் போட்ட சத்தத்தில் எங்கோ போயிற்று. இன்னும் சொல்லவில்லை.

கவிதைகள் சில வாசிக்கப்பட்டன. நாம் வழக்கம்போல் கருத்துரைக்கத் தொடங்கினோம். தாதி இடைமறித்தார். "அக்கா குசினிக்குள்ளை நிண்டு என்ன செய்யிறா? அவவும் இதெல்லாம் படிச்சவ எண்டு ஆசிரியை சொன்னா."

விசாரித்தபோது தெரிந்தது: ஐந்து மாதமாக எமது வீட்டுக்கு வந்த ஒவ்வொரு நூலையும் மனைவியார் படித்திருந்தார், எமக்கு முன்னதாகவே முடித்தவையும் உண்டு. ஆசிரியையிடம் கோயில் வீதியில் கண்டு பேசியுமிருந்தார். பன்னிரண்டாவது ஆளாக அவர் வந்து தாதியின் பக்கத்தில் அமர்ந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, நாம் அப்போதுதான் சொல்லி முடித்த கருத்து ஏன் பிழையென்று விளக்கத் தொடங்கினார். கண்ணிழந்த இளைஞர் உரக்கச் சிரித்தார்.

அப்படியாயின் தேநீர்? எல்லோரும் எம்மைப் பார்த்தனர்.

அடுக்களைக்குள் போனோம். அடுப்பைப் பற்றவைக்கும் வித்தை ஒருவாறு கைகூடிற்று. தேயிலைப் பேணியும் சீனிப் பேணியும் எங்கே இருக்கின்றன என்பது தெரியவில்லை. ஐம்பது ஆண்டு குடித்தனத்தில் அதனைத் தெரிந்துகொள்ள அவசியம் நேரவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினோம். தாதியின் தந்தையார், உதவிக்கு வந்தவர், அடுக்களை வாசற்படியில் நின்றுவிட்டார். அந்தப் படியை அவர் வீட்டார் எவரும் ஒருநாளும் தாண்டியதில்லை என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி. சீனி எங்கை இருக்கெண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லை."

அவர் செருப்பைக் கழற்றப் போனார், வேண்டாமென்றோம். இருவருமாக ஒவ்வொரு பேணியாகத் திறந்து பார்த்தோம். மல்லி, சீரகம், ஒடியல் மா, உப்பு. விறாந்தையிலே மனைவியாரின் குரல் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. சீனி, மேல் தட்டில், மூக்குப்பேணிகளுக்குப் பின்னால் இருந்தது.